கடைசி பெஞ்சில் இன்னொரு ஆசிரியர்

கேள்வி: எங்கள் பள்ளியில் இந்த வருடம் 'கோச்' என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை என் வகுப்பில் வந்து உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொள்கிறார். 18 வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கு இது இன்ஸ்பெக்‌ஷன் மாதிரிதான் தெரிகிறது. என்னதான் வித்தியாசம்?

பதில்: அவர் எழுதுவது யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். தலைமை ஆசிரியர் மேஜைக்கும், அங்கிருந்து உங்கள் சம்பள உயர்வுக்கோ பதவி உயர்வுக்கோ போகிறது என்றால் உங்கள் சந்தேகம் சரி, என்ன பெயர் வைத்தாலும் அது இன்ஸ்பெக்‌ஷன்தான். உங்களிடமே திரும்பி வருகிறது என்றால் விஷயம் வேறு, அவர் கற்பித்தலில் உங்களுக்குக் கூட இருந்து உதவும் பயிற்சியாளர்.

முறையாக நடந்தால் இப்படி இருக்கும். வகுப்புக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் இருவரும் பேசுவீர்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். "எப்போது கேள்வி கேட்டாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்" என்று சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெஞ்ச் வரிசையைப் படமாகப் போட்டு, யாரிடம் எத்தனை கேள்வி போனது, பதில் வருவதற்கு நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று மட்டும் குறித்து வைப்பார். அப்புறம் அந்தத் தாளை உங்கள் முன்னால் வைத்துவிட்டு "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்பார். நன்று, சுமார் என்று மதிப்பெண் போடுகிற வேலையே அங்கே கிடையாது.

இந்தக் காத்திருக்கும் நேரம் சாதாரண விஷயமில்லை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கினால் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கரும்பலகை, கடிகாரம், பின்னால் சண்டை போடும் இரண்டு பேர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு நம்முடைய அந்த ஒரு நொடி கண்ணில் படவே படாது. 18 வருட அனுபவம் இருந்தாலும் படாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வருடாவருடம் பயிற்சி முகாமுக்குப் போகிறோமே, அது போதாதா?

பதில்: முகாமில் தலையாட்டியதை வகுப்பில் எத்தனை நாள் செய்தீர்கள்? ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் எழுதியது இதைத்தான்: விளக்கம், செய்முறை, ஒத்திகை எல்லாம் இருந்தும், வகுப்புக்குள் யாராவது கூட வந்து உதவாவிட்டால் கற்ற புதுமுறை அங்கே நிலைப்பதில்லை. காரணம் சோம்பல் இல்லை. புது முறையில் நடத்தும் முதல் சில வகுப்புகள் பழையதைவிட மோசமாகத்தான் போகும், சத்தம் கூடும், பாடம் முடியாது, நாலாவது நாள் "நமக்குப் பழசே போதும்" என்று திரும்பிவிடுவோம். அந்த நாலாவது நாளில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறேன். இதற்குச் செலவு செய்தால் பிள்ளைகள் படிப்பில் பலன் தெரியுமா?

பதில்: தெரியும், ஆனால் மாயாஜாலம் எதிர்பார்க்காதீர்கள். மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 60 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட கணக்கில், கற்பித்தல் 0.49 திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மேம்பட்டிருந்தது, பிள்ளைகளின் மதிப்பெண் 0.18. கல்வியில் இது நல்ல எண்தான். ஆனால் 100 ஆசிரியர்களுக்கு மேல் இழுத்துப் போட்ட திட்டங்களில் பலன் நன்றாகவே குறைந்தது. ஆக, ஒரே கோச்சைப் பத்துப் பள்ளிக்கு அலையவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். இன்னொன்று, யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள, தேர்வுத் தாள் கட்ட என்று கோச்சை அனுப்பாதீர்கள். பல இடங்களில் திட்டம் இப்படித்தான் சத்தமில்லாமல் செத்துப்போகிறது.

கேள்வி: நல்ல ஆசிரியை என்று பெயர் எடுத்ததால் என்னையே கோச் ஆக்கிவிட்டார்கள். எங்கே தடுக்கி விழுவேன்?

பதில்: "நானா இருந்தா..." என்று ஆரம்பிக்கும் இடத்தில். பார்த்த பதினைந்து குறையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அந்த ஆசிரியர் ஒன்றையும் மாற்ற மாட்டார். ஒன்றை எடுங்கள், அதையும் அவரே எடுக்கட்டும், அடுத்த வாரம் அதை மட்டும் பாருங்கள். சில நாள் அவருடைய வகுப்பை நீங்கள் நடத்துங்கள், அவர் பின்னால் உட்காரட்டும். பாடம் சொதப்பினால் இன்னும் நல்லது, அதற்கப்புறம்தான் அவர் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்.

கேள்வி: எங்களுக்குக் கோச்சே இல்லை. வகுப்பை போனில் வீடியோ எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக, பள்ளியின் அனுமதியோடு. முதல் தடவை தனியாகப் பாருங்கள், தன் குரல் யாருக்கும் பிடிக்காது. இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் முகத்தை மட்டும் பாருங்கள்.