கொரோனாவில் சில மாதங்கள் கேன்சர் ஸ்கிரீனிங் நின்றதால் பெரிய பாதிப்பு உண்டா?

உண்டு. ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை.

2020-ல் நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் என்.சி.டி. (தொற்றா நோய்கள்) பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். பிரஷர், சுகர் பார்ப்பதோடு, 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை செய்வதும் எங்கள் வேலை.

கர்ப்பப்பை வாய்க்குச் செய்வது எளிய சோதனை. அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்து எடுத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது. இருக்கிறதா இல்லையா என்று உறுதிசெய்ய மெடிக்கல் காலேஜுக்குப் போய் கால்போஸ்கோப்பி (கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்சி (சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தொற்றிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் வழக்கமான சோதனை ஆறேழு மாதம் தள்ளிப்போனதால் மட்டும் பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன்.

அடி விழுந்தது ரெஜிஸ்டரில் ஏற்கெனவே பாசிட்டிவ் என்று எழுதப்பட்டிருந்தவர்களுக்கு. மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் எங்களைக் காய்ச்சல் முகாமுக்கும் சளி மாதிரி எடுக்கவும் மாற்றிவிட்டார்கள். பிரஷர், சுகர் மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துச் சமாளித்தோம். கால்போஸ்கோப்பியைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாதே! மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். மாவட்டங்களுக்கு இடையிலான பஸ் மாநிலம் முழுக்க மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-ல்தான். போன் செய்தால் ஓர் அக்கா கேட்டார்: "எனக்கு வலி ஏதாவது இருக்கா? ஒண்ணுமில்லை. கொரோனா வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நானா எதுக்கு வரணும் சிஸ்டர்?" நியாயமான கேள்வி. அறிகுறி இல்லாதவரை வரவழைப்பதுதானே ஸ்கிரீனிங். அவர் பயந்து நின்றுவிட்டால், பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் தானாக வர மாட்டார். அப்புறம் போன் நம்பரும் மாறியிருக்கும்.

நாடு முழுக்க இதே கதைதான். தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் உள்ள 41 மருத்துவமனைகளின் கணக்கு 'லான்செட் ஆன்காலஜி' இதழில் 2021-ல் வந்தது. 2020 மார்ச் முதல் மே வரை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால், புது நோயாளிகளின் பதிவு 54 சதவீதம் குறைந்திருந்தது. 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஸ்கிரீனிங் அடியோடு நின்றது, அல்லது வழக்கத்தில் கால்வாசிக்கும் கீழே போனது. இதில் என்னை உறுத்துவது முதல் எண்தான். கட்டி தெரிந்தவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்களே வரவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் ஸ்கிரீனிங் முன்பும் குறைவுதான்: தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், கர்ப்பப்பை வாய்ச் சோதனை ஒருமுறையாவது செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியாவில் வெறும் 1.9. (அந்த ஆய்வே ஊரடங்கில் பாதியில் நின்று, பிறகு தொடர்ந்தது.)

பணக்கார நாடுகளும் இதே இடத்தில்தான் சிக்கின. இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலச் சோதனைக் கிட் வீட்டுக்குத் தபாலில் வரும். ஊரடங்கிலும் நடத்தியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் பாசிட்டிவ் வந்தால் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தாக வேண்டும். 2020 ஏப்ரலில் அங்கே கொலனோஸ்கோப்பிகள் 92 சதவீதம் குறைந்துவிட்டன.

சரி, அடுத்த தொற்று வந்தால்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோனது. எச்.பி.வி. சோதனைக்கும் பெண்களே வீட்டில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார அமைப்பும் இதைப் பரிந்துரைக்கிறது. நானும் அதற்கு ஆதரவுதான். ஆனால் என்னைக் கேட்டால், கிட் வாங்கும்போதே பாசிட்டிவ் வருகிறவர்களுக்காக ஒரு வண்டியும், கொரோனா வார்டு இல்லாத கட்டடத்தில் ஒரு கால்போஸ்கோப்பி அறையும் ஒதுக்கச் சொல்வேன். அந்த ரெஜிஸ்டரைப் பார்த்து போன் போட ஒரு நர்ஸையும் அங்கேயே விட்டுவையுங்கள். காய்ச்சல் முகாமுக்கு வேறு ஆள் பாருங்கள்.