மணாலி–லே போக 50,000 ரூபாய்க்குள்ள எந்த சைக்கிள்?

கேள்வி: அண்ணா, பெங்களூர் அல்சூர்ல இருக்கேன், ஐடி வேலை. வர்ற ஜூலைல மணாலில இருந்து லே வரைக்கும் தனியா சைக்கிள்ல போகலாம்னு பிளான், கூட வண்டி எதுவும் கிடையாது, மூட்டை முடிச்சு எல்லாம் சைக்கிள்லயே. கையில மொத்தமா 50,000 இருக்கு. ஒரு கடைல முன்னாடி சஸ்பென்ஷன் வச்ச 24 கியர் எம்டிபி (மலை சைக்கிள்) காட்டுறாங்க, இன்னொரு கடைல 16 கியர் கிராவல் பைக் (மண் ரோட்டுக்கும் ஆகற, வளைஞ்ச ஹேண்டில்பார் சைக்கிள்), ரெண்டு பேருமே "லடாக்குக்கு இதான் சார்"ங்கறாங்க. எதை எடுக்க? இன்னொண்ணு, மூணு வாரம் முன்னாடி பழகறதுக்காக என் பழைய சைக்கிளுக்கு ஒரு கேரியர் வாங்கினேன், வெல்டிங் விட்டுப்போச்சு, கடைக்காரர் பில்லுல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு அடிச்சிருக்கறத காட்டி கைய விரிக்கறார்.

பதில்: தம்பி, ரெண்டு கடையிலயும் எத்தனை கியர்னு சொல்லிருக்காங்க, இருக்கறதுலயே லேசான கியர் எதுன்னு ஒருத்தரும் சொல்லல பாருங்க. மலைக்கு அதுதான் வேணும். கடைக்குப் போய் குனிஞ்சு பல்லை எண்ணுங்க, முன்னாடி பெடல் பக்கத்துல இருக்கற சின்ன பல்சக்கரத்துல எத்தனை பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல எத்தனை. முன்னாடி 34 பின்னாடியும் 34னா ஒரு மிதிக்கு டயர் ஒரு முழு சுத்து சுத்தும், அதாவது சுமார் 2.1 மீட்டர், நிமிஷத்துக்கு 60 மிதின்னு வச்சா மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பெங்களூர் ஃப்ளைஓவர்ல இது ஒண்ணுமில்ல, ஆனா 15 கிலோ மூட்டையோட வழில வர்ற காட்டா லூப்ஸ்ங்கற மலை ஏத்தத்துல 21 வளைவு ஏறும்போது உங்களால மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் போக முடியும், அப்போ அந்த கியர்ல மிதி நிமிஷத்துக்கு நாப்பதா குறைஞ்சு முட்டி கழண்டுரும். முன்னாடி 22 பின்னாடி 34 இருந்தா அதே 60 மிதிக்கு கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர் வரும், உக்காந்தபடியே உருட்டலாம். அந்த 24 கியர் எம்டிபில முன்னாடி 22 பல்லு இருந்தா அதுக்குத்தான் என் ஓட்டு. கடைசில வர்ற டக்லங் லா கணவாய் 5,328 மீட்டர், அங்க காத்து அழுத்தம் கடல் மட்டத்துல பாதிதான் இருக்கும், அங்க போய் வீரம் காட்ட முடியாது.

சஸ்பென்ஷன் பத்தி மட்டும் கொஞ்சம் வயித்தெரிச்சல். இந்த விலைல வர்ற ஸ்பிரிங் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை) வெறும் கனம், ஏத்தத்துல நீங்க போடற பலத்தை அது தின்னும், முன்னாடி கேரியர் மாட்டவும் வம்பு. அதே பல்லு கணக்குல சாதா ஃபோர்க் வச்சது கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுங்க, குலுக்கலுக்கு ரெண்டு இஞ்ச் டயர் போதும், காத்தைக் கொஞ்சம் கம்மியா அடிச்சுக்கங்க.

காசு போட வேண்டிய இடம் பின் சக்கரம். எல்லா பாரமும் அங்கதான் உக்காரும், சக்கரக் கம்பி (ஸ்போக்) ஒடியறதும் அங்கதான். 32 கம்பிக்குக் குறையாம, 36 கிடைச்சா நல்லது. பின்னாடி பல்சக்கரம் செருகி மாட்டற கேசட்டா, திருகி மாட்டற ஃப்ரீவீலான்னு கேளுங்க, ஃப்ரீவீல் வச்ச ஹப்ல (சக்கரத்தோட நடு உருளை) பாரம் ஏத்தினா ஆக்சில், அதாவது நடு அச்சு, வளையற சான்ஸ் அதிகம். வாங்கின கையோட நல்ல மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கம்பியெல்லாம் டென்ஷன் பார்த்து டைட் வைக்கச் சொல்லுங்க. அதே அளவு கம்பி நாலஞ்சு, ரெண்டு செட் பிரேக் பேடு கூடவே வாங்கிருங்க, வழில வர்ற கேலாங் ஊரைத் தாண்டினா லே வரைக்கும் வழில சைக்கிள் கடைய எதிர்பார்க்காதீங்க. கேபிள் இழுக்கற டிஸ்க் பிரேக்கே போதும், ரோட்டோரத்துல நீங்களே சரி பண்ணிக்கலாம்.

பில்லையும் பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 12ஐ போட்டு நீட்டினா கேளுங்க.

சைக்கிளுக்கு 30,000, 32,000 தாண்டாதீங்க. மீதில ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது "மைனஸ் பத்து"ன்னு அட்டைல பெருசா போட்டிருக்கறத நம்பாதீங்க, கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு நம்பர் இருக்கும், எக்ஸ்ட்ரீம்ங்கறது உயிர் தப்பிக்கற கணக்கு, தூங்கற கணக்கு கம்ஃபர்ட் தான். அடுப்பு வேண்டாம், சீசன்ல வழில சர்ச்சு, பாங்ங்கற இடத்துலயெல்லாம் டென்ட் தாபா இருக்கும், சோறு பருப்பு கம்பளி கிடைக்கும், கேஸ் டப்பாவ ஃப்ளைட்ல விடவும் மாட்டாங்க. ஆக்ஸிஜன் கேன் விக்கறாங்களே, அது சில நிமிஷத்துக்குத்தான் வரும், தலைவலியும் வாந்தியும் கூடிட்டே போச்சுன்னா கீழ இறங்கறதுதான் வழி.

ஒரு ஞாயித்துக்கிழமை 15 கிலோ அரிசி மூட்டைய கட்டிக்கிட்டு நந்தி ஹில்ஸ் ஏறிப் பாருங்க. ஏறிட்டு ரொம்ப சந்தோஷப்படாதீங்க, நந்தி உச்சியே 1,478 மீட்டர்தான், நீங்க கிளம்பற மணாலியே 2,000க்கு மேல.

கேரியர் விஷயம். அந்த வரிய அடிச்சுட்டா மட்டும் சட்டம் மாறிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, நாள் எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, இன்னைக்கே உடைஞ்ச இடத்தை போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, எழுத்துல இருக்கணும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு இழுத்தார்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, அதுக்கும் மசியலன்னா நீங்க இருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆனா ஒண்ணு, கேரியர்ல 25 கிலோன்னோ என்னவோ பொறிச்சிருக்கும், அதுல ஃப்ரெண்டை உக்கார வச்சு ஓட்டியிருந்தீங்கன்னா கடைக்காரர் பக்கம்தான் நியாயம், எனக்கு எழுதாதீங்க.