நாய் கூலண்ட் நக்கிவிட்டது, காலையில் தெளிந்துவிட்டது என்றால்?

காத்திருக்க வேண்டாம், இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். டிராக்டர் ரேடியேட்டரிலிருந்து வாசலில் வடித்த பச்சைத் தண்ணீரை, அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்டை, நாய் நக்கி, ராத்திரி தள்ளாடி வாந்தி எடுத்தது, காலையில் சரியாகிவிட்டது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தெளிவைத்தான் நம்பக் கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிக்கும், அதனால்தான் நக்குகின்றன. முதலில் குடித்தவன் மாதிரி ஆட்டம், அப்புறம் தேறியது போல ஓர் இடைவெளி, அதற்குள் கல்லீரல் அதை வேறு விஷமாக மாற்றி, ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் கெட்டுவிடும். விஷமுறிவு மருந்து, நக்கிய 8 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, தாண்டியிருந்தாலும் டிரிப்ஸ் ஏற்றிப் பார்ப்பார்கள். உங்கள் மன்னார்குடியிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றும் தூரமில்லை. கூலண்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள், நம் பக்கம் எலி மருந்து என்றுதான் முதலில் சந்தேகம் வரும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

வீட்டில் பூனை உண்டா? அதற்குக் கலக்காத கூலண்ட் ஒரு ஸ்பூனே ஆபத்து. கொட்டியதை வாய்க்காலில் தள்ளாமல், மணல் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள். அடுத்த முறை புரொப்பிலீன் கிளைக்கால் கூலண்ட் கேட்டு வாங்குங்கள், விஷம் குறைவு.