பதினொரு நிமிட வீடியோவும் மடித்த சீட்டும்

கேள்வி: சின்ன வயதில் அப்பாவோடு ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போய் வந்தவள் நான். அதைப் பற்றி என் குரலிலேயே பேசி, போனில் ஒரு வீடியோ செய்தேன். எங்கள் ஊர், நிலம், சாகுபடி, மண்டி எல்லாம் சொல்லி, விலை விழுந்த ஒரு நாள் அப்பா மண்டியில் தந்த விலைச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் போண்டா வாங்கித் தந்ததோடு முடித்தேன். 11 நிமிடம். வீட்டிலேயே யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. என் குரலும் எனக்கே சகிக்கவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: போண்டாவைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் யாரம்மா அதுவரை உட்கார்ந்திருப்பார்கள்? உங்கள் கதையே அதுதான். ஊர், நிலம், சாகுபடி எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். பாலக்கோட்டுக்காரர்களுக்குத் தக்காளியைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்படிச் சொந்த அனுபவத்தைச் சொந்தக் குரலில், கையில் இருக்கும் படங்களை வைத்துச் சொல்வதை 1990களிலேயே அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி போன்றவர்கள் பயிற்சியாக நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே வந்தவர்களும் கேமரா பிடித்துப் பழகியவர்கள் இல்லை. முதல் வேலை கம்ப்யூட்டரைத் தொடுவது அல்ல, வட்டமாக உட்கார்ந்து வாயால் கதை சொல்வது. கேட்பவர்கள் எந்த இடத்தில் நிமிர்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். வீடியோ இரண்டு மூன்று நிமிடம்தான். நீங்களும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தங்கையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லிப் பாருங்கள், சொன்ன மாதிரியே எழுதுங்கள், 200 சொல்லைத் தாண்ட வேண்டாம்.

குரல் விஷயம்: நம் குரல் நமக்கு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால்தான் பதிவில் கேட்கும்போது யாரோ மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது அந்தக் குரலைத்தான், பழகிக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, துணிமணி நிறைந்த அறையில், போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் எதிரொலி வராது. பின்னணியில் சோக இசை மட்டும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

குரலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் படங்களை அடுக்குங்கள், ஒரு படம் ஐந்தாறு விநாடி நின்றால் இருபது படம் தாராளம். அந்தச் சீட்டு இன்னும் வீட்டில் இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மடிப்புக் கோடு தெரிகிற மாதிரி எடுங்கள். இல்லையா, வேறு தாளை மடித்து வைத்து ஏமாற்ற வேண்டாம். அப்பாவின் பழைய சட்டைப் பை ஒன்றே போதும்.

அப்புறம், குரூப்பில் போடுவதற்கு முன் அப்பாவிடம் காட்டுங்கள். அன்று கையில் காசு இல்லை என்பதை ஊருக்கே சொல்ல அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அது உங்கள் வீட்டுப் போனிலேயே இருக்கட்டும்.