மஞ்சள் கரிசாலையா, வெறும் வெடேலியாவா?

கேள்வி: தைப்பூசத்துக்கு வடலூர் சென்று வந்ததிலிருந்து வீட்டிலேயே மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நாற்றுப்பண்ணை ஒன்றில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய இரண்டு தொட்டிச் செடிகள், மூன்றே மாதத்தில் தோட்டத்தை மூடிப் பூத்துக் குலுங்குகின்றன. என் மாமியாரோ இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ‘இது கரிசாலையே இல்லை, சமைக்காதே’ என்கிறார். இலையின் படத்தை இணைத்துள்ளேன்.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தங்கள் மாமியார் சொன்னதே சரி. படத்திலுள்ள இலை பளபளப்பாக, நடுவில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று மடல்களோடு இருக்கிறது. அது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்ற வெப்பமண்டல அமெரிக்கச் செடி. அழகுக்காகத் தரையில் படரவிடப்படுவது. நம் மஞ்சள் கரிசாலை ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. அதன் இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரப்பாக இருக்கும்; ஓரத்தில் ஓரிரு பற்கள் தெரியலாமே தவிர, மடலாகப் பிரியாது.

இரண்டையும் முன்பு வெடேலியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இன்றும் நாற்றுப்பண்ணைகளில் அந்தப் பெயரே வழங்குவதால், கேட்பது ஒன்றும் கிடைப்பது வேறொன்றுமாகிவிடுகிறது. பூவை வைத்துப் பிரித்தறியவும் முடியாது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து: நடுவில் நெருங்கி நிற்பவை சிறு குழல் பூக்கள், சுற்றிலும் இதழ்போல் விரிந்தவை தனித்தனி நாக்குப் பூக்கள். சூரியகாந்திக் குடும்பத்துக்கே உரிய இந்த அமைப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதால், பூவை மறந்துவிட்டு இலையைப் பார்ப்பதே வழி.

தங்களிடம் உள்ள செடி, உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கணு ஒன்று ஈர மண்ணில் பட்டாலே வேர் பிடித்துவிடும் என்பதால், பிடுங்கியதை வாய்க்காலிலோ குப்பைக்குழியிலோ எறியாமல், சிமெண்டுத் தரையில் சருகாகும்வரை காயவிடுங்கள்.

வள்ளலார் நாள்தோறும் உண்ணச் சொன்ன கீரைகளில் கரிசாலை முதன்மையானது. பொற்றலைக் கையாந்தகரை என்பது மஞ்சள் பூ வகைக்கு வழங்கும் பழம்பெயர். பொன் தலை என்றதில் பூவின் நிறமும் அடங்கிவிட்டது. வெடேலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை, இச்செடியை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர். ஆயினும் கீரை வேறு, மருந்து வேறு. மஞ்சள் காமாலை என்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டுமே தவிர, இதை நம்பி நாள் கடத்தக் கூடாது.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்புக் கரிக்கிறது. மாடியில் மஞ்சள் கரிசாலை வருமா? விதை எங்கே கிடைக்கும்?
– வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

பதில்: விதையைத் தேடி அலைய வேண்டாம். இது பல்லாண்டுச் செடி. தரையோடு ஓடும் தண்டை மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டால் போதும். வயல் வரப்பின் ஈரத்தில் வளர்வது என்பதால், ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியே ஏற்றது. செம்மண்ணோடு மட்கிய சாண எருவும் சிறிது மணலும் கலந்துகொள்ளுங்கள். காலை வெயில் பட்டு, உச்சி வெயில் மறையும் இடமாக இருப்பது நல்லது.

உப்பு நீரால் இலை நுனி கருகும். தொட்டி மண்ணில் உப்பு தங்கிக்கொண்டே போகும். ஆகவே, ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்து, அடித்துளை வழியே நீர் நன்றாக வடியவிட்டாலே பெரும்பகுதி உப்பு கழுவிப் போகும். நட்ட இரண்டு மாதத்தில் நுனித் தழையைக் கிள்ளலாம். அடித்தண்டை விட்டுவைத்தால் மீண்டும் துளிர்க்கும். தாய்ச்செடி வாங்கும்போது மேலே சொன்ன இலை அடையாளத்தை நேரில் பார்த்தே வாங்குங்கள்.