முங்கிய காட்டில் மீன் எங்கே நிற்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டாலஸ் பக்கம் பிளானோவில் இருக்கிறேன். சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் விரால் பிடித்த ஆசை இங்கே வந்து மறுபடி துளிர்த்திருக்கிறது. நண்பரின் படகில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போய்வருகிறோம். தண்ணீருக்கு மேலே கண்ணுக்கு எட்டியவரை பட்டமரங்கள். கட்டை இருந்தால் பாஸ் மீன் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மரம் விடாமல் எறிந்து பார்த்துவிட்டோம். மீன் கடிப்பதைவிட முள் கட்டையில் மாட்டுவதுதான் அதிகம். எந்த மரத்தில் மீன் நிற்கும் என்று அறிய வழி உண்டா? கிடைக்கும் பாஸைக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா?

கே., பிளானோ, டெக்சஸ்

அன்புள்ள கே.,

வழி உண்டு. மரத்தைப் பார்க்காதீர்கள், அது நிற்கும் நிலத்தைப் பாருங்கள். நான் சொல்லப்போவது எல்லாமே இதற்குள் அடக்கம்.

லேக் ஃபோர்க் இயற்கையான ஏரி கிடையாது. சபைன் ஆற்றில் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980-இல் அணையை மூடினார்கள். நீர் நிரம்பி முடிய 1985 ஆனது. 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் முங்கியது. படகு போக வழிகளை மட்டும் வெட்டிவிட்டு, பெரும்பகுதி மரங்களை அப்படியே நிற்க விட்டார்கள். நீர் ஏறுவதற்கு முன்பே ஃபுளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளையும் அங்கே விட்டிருந்தார்கள். 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு பாஸ் ஒன்று அந்த ஏரியில் பிடிபட்டது. டெக்சஸ் மாநிலச் சாதனை இன்றும் அதுதான்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு நாட்டுப்புறம் முழுதாகக் கிடக்கிறது. ஓடைகள், அவற்றின் வளைவுகள், வேலியோரங்கள், மண்சாலைகள், மாட்டுக்கு நீர்காட்டிய குட்டைகளின் கரைகள். நீங்கள் மேலே பார்க்கும் மரங்கள் அந்த நிலத்தின் வரைபடம். ஓடைக்கரையில் நின்றவை பெரும்பாலும் உயரமாகவும் பருமனாகவும் இருக்கும். நேர்கோட்டில் நிற்பவை வேலியோர மரங்களாக இருக்கலாம். மரமே இல்லாத பெரிய வெளி, பழைய மேய்ச்சல் நிலம்.

பாஸ் பெரும்பாலும் மறைந்திருந்து பாயும் மீன். கட்டையின் மேல் பாசி படர்கிறது, பாசியில் பூச்சிகளின் புழுக்கள், அவற்றைத் தின்ன புளூகில் போன்ற சின்ன மீன்கள், அவற்றுக்காகப் பாஸ். நிழலும் அங்கேயே கிடைக்கிறது. ஆனால் ஆயிரம் மரமும் ஒரே மாதிரி நிழல் தரும்போது எந்த மரத்திலும் நிற்க அதற்குத் தனிக் காரணம் இல்லை. ஆழமும் மேடும் சந்திக்கும் இடத்தில்தான் காரணம் பிறக்கிறது. ஓடையின் வெளிவளைவு கரையை ஒட்டி வரும் இடம், இரண்டு ஓடைகள் கூடும் இடம், முங்கிய குட்டையின் கரை உடைந்த இடம். இவற்றை ஒட்டி நிற்கும் மரங்களுக்கு மட்டும் எறியுங்கள், மற்றவற்றை மனம் கூசாமல் தாண்டிப் போங்கள். அங்கேயும் அடுத்ததிலிருந்து வேறுபட்ட மரத்தைத் தேடுங்கள்: கூட்டத்தைவிட்டுத் தள்ளி நிற்பது, கிடையாக நீளும் கிளை உள்ளது, சாய்ந்து விழுந்து நுனி ஆழத்துக்குள் போனது. சீடார் மரம் தென்பட்டால் விடாதீர்கள், அதன் கிளை அடர்த்தி மற்றவற்றுக்கு வராது.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் பாஸ் கரையோரம் ஏறி, அடிக்கட்டைகளை அணைத்துக் கூடு போடும். முட்டையைக் காக்கும் ஆண் மீனுக்கு ஒரு பக்கமாவது அடைப்பு கிடைக்கிறது. கோடையில் ஏரியின் அடிநீரில் உயிர்வளி குறைந்துவிடும். அப்போது அடியைத் துழாவிப் பயனில்லை. ஆழமான இடத்து மரங்களின் நடுக்கிளைகளில் மீன் மிதந்து நிற்கும். வெயில் சுள்ளென்று அடித்தால் நிழல் பக்கம் தண்டோடு ஒட்டி நிற்கும், மூட்டமாக இருந்தால் விலகி அலையும்.

இனி முள் மாட்டும் கதை. இதற்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு தீர்வு பிறந்திருக்கிறது. நிக் கிரீம் என்பவர் 1949-இல் ஒஹையோவில், தூண்டிலில் இரையாகக் கோக்கும் மென்பிளாஸ்டிக் புழுவைச் செய்தார். அவருடைய நிறுவனம் பின்னால் ஃபோர்க்குக்கு அதிகத் தொலைவில்லாத டைலர் நகரத்துக்கு வந்தது. அந்தப் புழுவை வைத்துக் கிழக்கு டெக்சஸ்காரர்கள் வளர்த்தெடுத்ததுதான் டெக்சஸ் ரிக். முள்ளின் கூர்முனையை வெளியே நீட்டாமல் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். முன்னால் தோட்டா வடிவ ஈயம். கட்டைக்குள் போடும்போது அந்த ஈயம் தூண்டில் நரம்பில் நழுவாதபடி ரப்பர் அடைப்பு ஒன்றைப் போடுங்கள். இல்லையென்றால் ஈயம் கிளைக்கு ஒரு பக்கமும் புழு மறுபக்கமும் விழுந்து சிக்கும். நரம்பு 20 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன் இழையாக இருக்கட்டும். பின்னல் நரம்பு ஊறிய மரத்தை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

தூரத்திலிருந்து வீசாதீர்கள். சத்தமில்லாமல் கிட்டே போய், தண்டை ஒட்டிச் செங்குத்தாக இறக்குங்கள். கடி பெரும்பாலும் அந்த முதல் இறக்கத்திலேயே வரும். நரம்பு பாதியில் நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே கோலைத் தூக்குங்கள். கிளை தட்டுப்பட்டால் இழுக்கக் கூடாது. மெல்லத் தூக்கி, கிளையின் மேலே ஏறியதும் அசைத்து, மறுபக்கம் விழவிடுங்கள். அந்த விழுதல் மீனுக்குப் பிடித்தது. கிடக்கும் மரமானால் குறுக்கே எறியாமல் அதன் நீளவாக்கில் எறியுங்கள்.

அப்படியும் மாட்டினால் வெடுக்கென்று இழுப்பதுதான் நாம் எல்லோரும் முதலில் செய்வது. அது முள்ளை இன்னும் ஆழமாகப் பதிக்கும். நரம்பைத் தளர்த்தி, படகை மரத்தின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் ஆட்டுங்கள். வரவில்லை என்றால் நரம்பில் ஓடவிடும் கனமான மீட்புக் குண்டு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. நரம்பை அறுத்துக் கிளையில் விட்டுவராதீர்கள். நாரைகளும் நீர்க்காகங்களும் அந்த மரங்களில்தான் வந்து அமர்கின்றன, தொங்கும் நரம்பில் கால் சிக்கிச் சாகின்றன. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்மட்டத்தில்தான் மரம் முதலில் மக்கும். அடியில் உயிர்வளி குறைவு, அதனால் அங்கே நெடுங்காலம் கெடாது. தேக்கடிக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்தது, அன்று முங்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் அந்த ஏரியில் நிற்கின்றன. ஃபோர்க்கிலும் மேல்பகுதி ஒடிந்து விழுந்த மரங்களின் அடிக்கட்டை தண்ணீருக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். வெட்டிய வழியைவிட்டு விலகி வேகமாக ஓட்டினால் படகு கிழியும். மிதவைச் சட்டையை நண்பரும் நீங்களும் கழற்றவே வேண்டாம்.

குழம்புக்கு வருகிறேன். ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைக் கட்டாயம் திரும்ப விட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மீன் எடுக்கலாம், அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுதான். முட்டையிடும் பெரிய பெண் மீன்கள் பிழைத்து நிற்பதற்கு இந்தக் கட்டுப்பாடு பெருந்துணை. 16-க்குக் குறைந்த பாஸைத் தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் நாக்குக்கு என்றால் அதே மரங்களில் நிற்கும் கிராப்பி மீனை வறுவலுக்கும், ஓடையில் கிடைக்கும் கெளுத்தியைக் குழம்புக்கும் எடுங்கள். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை விதிகளை அவ்வப்போது மாற்றும். கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.