யூரின்ல பிளட் 2+, ஆனா ஆர்பிசி (ரத்த சிவப்பணு) இல்லன்னு வந்தா என்ன அர்த்தம்?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 22 வயசு. போலீஸ் செலக்‌ஷனுக்காக தினமும் காலைல தார் ரோட்டுல ஓடுறான். ரெண்டு தடவ ஓடிட்டு வந்ததும் யூரின் கட்டங்காப்பி கலர்ல போச்சாம். லேப்ல குடுத்தோம், பிளட் 2+, ஆர்பிசி இல்லன்னு வந்திருக்கு, ஹீமோகுளோபின் வெளிய போகுதுன்னு சொல்றாங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் 14.1 இருக்கு. கிட்னி போயிடுச்சான்னு பயமா இருக்கு. பீட்ரூட் ஜூஸும் அயர்ன் மாத்திரையும் குடுத்துட்டு இருக்கேன்.

பதில்: அம்மா, கிட்னி போயிடுச்சுன்னு இந்த ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல, மொதல்ல அந்த பயத்த விடுங்க. அதுக்காக அப்படியே மடிச்சு வெச்சிடவும் கூடாது, இன்னைக்கே ரெண்டு மூணு ரத்த டெஸ்ட் எடுக்கணும், ஏன்னு சொல்றேன்.

யூரின் டெஸ்ட்ல ஒரு குச்சி மாதிரி ஸ்ட்ரிப்ப முக்கி எடுப்பாங்க, அதுல ரத்தத்துக்குன்னு ஒரு சின்ன மஞ்சள் கட்டம் இருக்கும். ரத்த அணு உடையாம முழுசா வந்தா அந்த மஞ்சள் மேல பச்ச பச்சயா புள்ளி விழும், அணு உடைஞ்சு ஹீமோகுளோபின் மட்டும் வந்தா கட்டம் முழுக்க ஒரே சீரா பச்சையாகும். அணு நிறைய வந்தாலும் சீரா பச்சையாகிடும், அதனால கலர மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, மைக்ரோஸ்கோப்ல ஆர்பிசி எத்தனைன்னு பாத்த வரியையும் சேத்துதான் படிக்கணும். ஆர்பிசி 3க்கு மேல இருந்தா கல்லு, இன்ஃபெக்‌ஷன், கிட்னி ஃபில்டர்ல பிரச்சனைன்னு தேடுற வழி வேற. உங்க பையனுக்கு பிளட் 2+, ஆர்பிசி இல்ல. இங்கதான் நெறைய பேர் ஒண்ண மறந்துடறாங்க, தசையில இருக்கற மயோகுளோபினும் இதே கட்டத்த இதே மாதிரி பச்சையாக்கும். ஸ்ட்ரிப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதனால லேப்ல ஹீமோகுளோபின்னு சொன்னது இன்னும் உறுதியில்ல.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. சாம்பிள் குடுத்து எவ்வளவு நேரம் கழிச்சு பாத்தாங்க? மணிக்கணக்கா வெளிய கிடந்தாலோ, நெறைய தண்ணி குடிச்சு யூரின் ரொம்ப நீர்த்து ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (யூரின் எவ்வளவு அடர்த்தின்னு காட்டுற அளவு) 1.010க்கு கீழ இருந்தாலோ, முழு அணுவும் டப்பாக்குள்ளயே உடைஞ்சு போய் இல்லாத மாதிரி காட்டும்.

சாம்பிள் சரிதான்னா ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, கட்டியான தரையில திரும்பத் திரும்ப பாதம் மோதி அங்க ஓடுற ரத்தத்துல அணுக்கள் உடையறது. 1881லயே ஜெர்மனில நடைப்பயிற்சி போன ஒரு சிப்பாய்க்கு இத எழுதி வெச்சிருக்காங்க. உடைஞ்சு வர்ற ஹீமோகுளோபின பிடிச்சு வெச்சுக்க ரத்தத்துல ஹாப்டோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு, அது தீந்து போற அளவுக்கு ஒரே நேரத்துல உடைஞ்சாதான் யூரின்ல வரும். பெரும்பாலும் ரெஸ்ட் எடுத்தா தானா நின்னுடும். இன்னொண்ணு தசை சிதைஞ்சு மயோகுளோபின் வெளிய வர்றது. எனக்கு கவலை இதுலதான், ஏன்னா இது கிட்னிய அடைச்சு கெடுக்கும். பழக்கமில்லாம திடீர்னு வெயில்ல அதிகமா ஓடினாலோ, சரமாரியா தண்டால், பஸ்கி எடுத்தாலோ வரும், தொடை வலி, வீக்கம் இருக்கும், சில பேருக்கு வலியே பெருசா இருக்காது.

அதனால சிகே (தசை சிதைஞ்சா ரத்தத்துல கூடற என்சைம்), கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது), பொட்டாசியம் இன்னைக்கே எடுங்க. சிகே 1000ஐ தாண்டி இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. சிகே நார்மலா இருந்து எல்டிஹெச் (அணு உடைஞ்சா ரத்தத்துல கூடற என்சைம்) கூடி, ஹாப்டோகுளோபின் கொறஞ்சிருந்தா அணு உடையறதுதான். யூரின் அளவு கொறஞ்சாலோ, கண்ணு மஞ்சளானாலோ, ஜுரம் வந்தாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக்கூட காத்திருக்க வேணாம்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் ஓட விடாதீங்க. 1500 மீட்டர் 7 நிமிஷத்துல ஓடணும்னு அவனுக்கு தவிப்பு இருக்கும், புரியுது, ஆனா மூணு நாள் நின்னா ஒண்ணும் கெட்டுப் போகாது. உடம்பு வலின்னு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கண்டிப்பா வேணாம். பீட்ரூட்ட நிறுத்துங்க, அது சில பேருக்கு யூரின சிவப்பாக்கும், ஸ்ட்ரிப்ல ரத்தம்னு காட்டாதுன்னாலும் கலர் மாறுதான்னு நம்மால கண்காணிக்க முடியாம போயிடும். 14.1க்கு அயர்ன் மாத்திரையும் தேவையில்ல.

மூணு நாள் ரெஸ்ட்டுக்கு அப்புறம் காலைல புதுசா யூரின் குடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கச் சொல்லுங்க. சுத்தமா வந்தா நல்ல ஷூ போட்டு மண்ணு கிரவுண்டுல கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். ஓடாமலே மறுபடி கலர் மாறினா ஜி6பிடி குறைபாடு (சிவப்பணு சுலபமா உடைஞ்சு போற பரம்பரைக் கோளாறு) இருக்கான்னு பாக்கணும், மலேரியா மாத்திரை, ரசகற்பூர உருண்டை இப்படி ஏதாவது சம்பந்தம் இருக்கான்னு யோசிச்சு வெச்சுக்கோங்க. ஆனா அந்த டெஸ்ட்ட அணு உடையற நேரத்துல எடுத்தா பொய்யா நார்மல்னு வர வாய்ப்பு இருக்கு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும்.